தேரடியில் கல்யாணம்: வெளியூர்ச் சொந்தங்கள் எதில் வருவது, எங்கே தங்குவது?

வருகிற தை மாதம் என் மகனுக்குக் கல்யாணம். மண்டபம் வட சென்னையில், திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில். பெண் வீட்டார் மதுரை. எங்கள் சொந்தம் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, தென்காசி என்று பரவிக் கிடக்கிறது. கோயம்புத்தூரில் இரண்டு வீடு. பத்திரிகை வைக்கப் போன இடத்திலெல்லாம் காபி வருவதற்குள் ஒரே கேள்விதான் வந்தது: "மெட்ராஸ்ல இறங்கி மண்டபத்துக்கு எப்படி வர்றது?"

2018-ல் என் தங்கை மகள் கல்யாணத்தின்போதும் இதே கேள்வி வந்தது. அன்றைக்கு நான் சொன்ன பதில்: "கவலையே படாதீங்க, லாட்ஜுக்கே வேன் வந்துடும்." முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 வரை. எழும்பூரில் லாட்ஜ், திருவொற்றியூரில் மண்டபம். நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், விடியற்காலையில் முக்கால் மணி நேரம் தாராளம் என்று நினைத்து, வேனை நாலே முக்காலுக்கு வரச் சொல்லியிருந்தேன். பதினாலு பேர். லாட்ஜில் ஒரே லிஃப்ட். எல்லோரும் இறங்கி ஏறி உட்கார ஐந்தரை ஆகிவிட்டது. டிரைவர் வெளியூர்க்காரர். போனில் கடற்கரைச் சாலை காலியாகத் தெரிகிறது என்று அந்த வழியாகப் போயிருக்கிறார். காசிமேடு தாண்டியதும் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது.

மண்டபத்தில் தாலி கட்டியது 6.50-க்கு. வேன் வந்து நின்றது 7.20-க்கு. முதலில் இறங்கியவர் என் அப்பாவின் தங்கை, அம்பாசமுத்திரத்து அத்தை. அப்போது அவருக்கு 74 வயது. கையில் ஒரு ஈரத்துணி முடிச்சு. உள்ளே அவர் வீட்டுக் கொடியில் பறித்த வெற்றிலை. ராத்திரி முழுக்க ரயிலில் வாடாமல் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கொண்டுவந்திருக்கிறார். வாசலில் என்னைப் பார்த்ததும், "ஏய்யா, தாலி கட்டியாச்சா?" என்று கேட்டார். ஆச்சு அத்தை என்றேன். அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. நேராக மேடைக்குப் போய் அந்த வெற்றிலையைத் தட்டில் வைத்து, பிள்ளைகள் தலையில் அட்சதை போட்டுவிட்டு, முன் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவரைக் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரில் நான் கோட்டைவிட்டுவிட்டேன். அதனால்தான் இந்தத் தடவை ஒவ்வொரு வழியையும் நானே போய்ப் பார்த்தேன். வட சென்னையில் கல்யாணம் வைக்கிற, கல்யாணத்துக்கு வருகிற எல்லோருக்கும் இது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் மண்டபம் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

வெளியூர்க்காரர்களுக்கு வட சென்னை என்றால் ஒரே இடம். எங்களுக்கு அப்படி இல்லை. தண்டவாளம்தான் இங்கே ஊரைப் பிரிக்கிறது. கும்மிடிப்பூண்டி ரயில் பாதைக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். அந்தப் பாதைக்கு மேற்கே வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், கொடுங்கையூர், மூலக்கடை, மாதவரம். அரக்கோணம் போகும் பாதையை ஒட்டிப் பெரம்பூர், வில்லிவாக்கம், கொளத்தூர். தெற்கே மண்ணடி, சௌகார்பேட்டை, பூக்கடை. கொடுங்கையூரிலிருந்து தண்டையார்பேட்டை வரைபடத்தில் கைக்கெட்டும் தூரம். ஆனால் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். எங்கே பாலம், எங்கே சுரங்கப்பாதை, எங்கே கேட் என்று தெரியாமல் கிளம்பினால் அந்தக் கைக்கெட்டும் தூரமே அரை மணி நேரம் தின்றுவிடும். கேட் போட்டுவிட்டால் பெண்ணுக்கு மாமா என்றாலும் நின்றுதான் ஆக வேண்டும்.

அதனால் "எத்தனை கிலோமீட்டர்" என்பதை விட்டுவிடுங்கள். மண்டபமும் நீங்கள் தங்கும் இடமும் தண்டவாளத்துக்கு ஒரே பக்கமா, இல்லையா? அதுதான் கேள்வி.

விலாசத்திலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. டி.எச். ரோடு என்று நாங்கள் சொல்லும் திருவொற்றியூர் நெடுஞ்சாலை பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் தொடங்கித் தண்டையார்பேட்டை வழியாகத் திருவொற்றியூர் வரை போகிறது. பத்திரிகையில் வெறுமனே "டி.எச். ரோடு" என்று போட்டால் ஆட்டோக்காரர் எங்கே என்றுதான் திருப்பிக் கேட்பார். வண்ணாரப்பேட்டை மெட்ரோவும் புது வண்ணாரப்பேட்டை மெட்ரோவும் அடுத்தடுத்த ஸ்டேஷன் இல்லை. நடுவில் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை என்று இரண்டு இருக்கின்றன. தண்டையார்பேட்டை மெட்ரோ வேறு, தண்டையார்பேட்டை ரயில்வே ஸ்டேஷன் வேறு. திருவொற்றியூருக்கோ தேரடி ஒரு மெட்ரோ, திருவொற்றியூர் என்று இன்னொரு மெட்ரோ, அதற்கும் மேல் ஒரு ரயில்வே ஸ்டேஷன். எங்கள் பத்திரிகையில் "இறங்க வேண்டிய இடம்: திருவொற்றியூர் தேரடி மெட்ரோ" என்று தனி வரியாகவே அடித்துவிட்டோம். மண்டபத்தின் பெயரைவிட அந்த வரிதான் உதவுகிறது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள்.

ஊருக்குள் வந்து சேர்வது

தெற்கிலிருந்து எழும்பூர் வரும் ரயிலில் இடம் கிடைத்தால் அதுவே நல்லது. எழும்பூர் ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோ. பச்சை வழித்தடத்தில் ஒரே ஸ்டேஷன், சென்ட்ரல். அங்கே நீல வழித்தடத்துக்கு மாறி விம்கோ நகர் போகும் வண்டியில் ஏறினால் தேரடி வந்துவிடும். மாறுவதற்கு ஆகும் நேரம் போக, சென்ட்ரலிலிருந்து தேரடிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. கட்டணம் ஆளுக்கு நாற்பது ரூபாயைத் தாண்டாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கூட்ட நேரத்தில் சில வண்டிகள் வண்ணாரப்பேட்டையோடு நின்று திரும்பிவிடும். பலகையில் விம்கோ நகர் என்று இருக்கிறதா என்று பார்த்து ஏற வேண்டும். தவறி ஏறிவிட்டாலும் பதற்றப்பட ஒன்றுமில்லை. வண்ணாரப்பேட்டையில் இறங்கி அதே நடைமேடையில் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தால் போதும்.

சில ரயில்கள் தாம்பரத்தோடு முடிந்துவிடுகின்றன. தாம்பரத்தில் இறங்குகிறவர்கள் பெட்டி படுக்கையோடு வட சென்னைக்குக் கார் பிடிப்பதைப் பார்க்கிறேன். காசும் அதிகம், நேரமும் அதிகம். தாம்பரத்தில் பீச் போகும் மின்சார ரயிலில் ஏறி கிண்டியில் இறங்குங்கள். பக்கத்திலேயே கிண்டி மெட்ரோ. அது நீல வழித்தடம். அங்கிருந்து எங்கும் மாறாமல் தேரடி வரை உட்கார்ந்து வரலாம். என் மைத்துனர் குடும்பம் போன மாதம் மூன்று பெட்டியும் ஒரு கைக்குழந்தையுமாக இப்படித்தான் வந்தது.

விமானத்தில் வருகிறவர்களுக்குத்தான் எல்லோரையும்விடச் சுலபம். மீனம்பாக்கத்திலிருந்து விம்கோ நகர் வரை ஒரே வண்டி. 32 கிலோமீட்டருக்கு மேல். கட்டணம் ஐம்பது ரூபாய். இதே தூரத்துக்குக் கார் பிடித்தால் அண்ணா சாலை, பாரிமுனை, வண்ணாரப்பேட்டை என்று ஒவ்வொரு சிக்னலாக நின்று வர வேண்டும். சாயங்கால வரவேற்புக்கு மத்தியான விமானத்தில் வருகிறவர்கள் காரை நம்பவே வேண்டாம் என்பேன்.

பஸ் கதை வேறு. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தெற்கிலிருந்து வரும் பஸ்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. கிளாம்பாக்கம் சென்னையின் ஒரு கோடி, திருவொற்றியூர் மறு கோடி. அங்கே இறங்கினால் ஜி.எஸ்.டி. ரோட்டில் வரும் டவுன் பஸ்ஸில் விமான நிலையம் வரை வந்து மெட்ரோ ஏறுவதுதான் உருப்படியான வழி. மண்டபம் மாதவரம், மூலக்கடை, கொளத்தூர் பக்கம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. தெற்கிலிருந்து வரும் சில பஸ்கள் மாதவரம் வரை வருகின்றன. டிக்கெட் எடுக்கும்போதே இறங்குமிடத்தில் மாதவரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஊரைச் சுற்றுகிற வேலை மிச்சம். ஆந்திராவிலிருந்து வருகிறவர்களுக்கும் மாதவரம்தான்.

கோவை, ஈரோடு, சேலம் ஆட்கள் சென்ட்ரல் வருவார்கள். அவர்களுக்கு மெட்ரோ காலடியிலேயே இருக்கிறது. மண்டபம் பெரம்பூர் என்றால், பெரம்பூரில் நிற்கும் ரயிலாகப் பார்த்து அங்கேயே இறங்கிவிடலாம். சென்ட்ரல் வரை போய்விட்டுத் திரும்ப வர வேண்டாம்.

மெட்ரோவா, மின்சார ரயிலா, ஆட்டோவா, வேனா?

முகூர்த்த நேரம் என்ன என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. முந்தின நாள் வரவேற்பும் மறுநாள் முகூர்த்தமும் ஒரே மண்டபத்தில் நடந்தாலும் போக்குவரத்துக்கு அவை இரண்டு வேறு கல்யாணங்கள்.

வரவேற்பு சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் டி.எச். ரோட்டில் வண்டி நகராது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளி வாங்க வந்த கூட்டம், வேலை முடிந்து திரும்புகிறவர்கள், ஷேர் ஆட்டோ, டவுன் பஸ் என்று எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கும். அதிலும் முகூர்த்த நாள் என்றால் ஒவ்வொரு மண்டப வாசலிலும் சீரியல் லைட்டும் நிறுத்தின கார்களும். வரவேற்புக்கு என் ஓட்டு மெட்ரோவுக்குத்தான், யோசிக்கவே வேண்டாம். வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரையான பாதை 2021 பிப்ரவரியில் திறந்தது. தேரடி ஸ்டேஷன் மறு வருஷம் வந்தது. புது வண்ணாரப்பேட்டையிலிருந்து வண்டி மேம்பாலத்தின் மேலேயே ஓடுகிறது. கீழே டி.எச். ரோட்டில் நிற்கிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே நீங்கள் போய்விடலாம். ஏசி இருப்பதால் பட்டுப்புடவை கசங்காது, தலையில் வைத்த பூ வாடாது. லிஃப்ட், எஸ்கலேட்டர் இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களும் வந்துவிடலாம். ஸ்டேஷன் வாசலில் பையை ஸ்கேன் மெஷினில் வைக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

திரும்பும்போது மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொன்றோடு மெட்ரோ ஓய்ந்துவிடும். சென்ட்ரலில் மாறி எழும்பூர் போக வேண்டியவர்கள் பத்து மணிக்குள் பந்தியை விட்டு எழுந்துவிடுவது நல்லது. ஐஸ்கிரீம், பீடா என்று வாசலில் நின்று பேசத் தொடங்கினால் கடைசி வண்டி போய்விடும்.

முகூர்த்தம் வேறு விஷயம். மெட்ரோ காலை ஐந்து மணிக்குத்தான் தொடங்குகிறது. முகூர்த்தம் ஒன்பது முதல் பத்தரை என்றால் மெட்ரோவிலேயே வந்துவிடலாம், ஒரு சிக்கலும் இல்லை. ஏழரை முதல் ஒன்பது என்றாலும் சரிதான். ஆறு முதல் ஏழரை என்றால் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். இளைஞர்களுக்கு முடியும். குழந்தைகளோடு ஒரு குடும்பத்துக்குக் கஷ்டம். நாலரை முதல் ஆறு என்றால் மெட்ரோவை மறந்துவிடுங்கள்.

அப்போது மிஞ்சுவது மூன்று: மின்சார ரயில், ஆட்டோ, வேன்.

மின்சார ரயில் மெட்ரோவுக்கு முன்பே விடியற்காலையில் ஓடத் தொடங்கிவிடும். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி கிளம்பும். பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர் என்று போகும். கட்டணம் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது. எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரியில் மண்டபம் என்றால் இதைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மெட்ரோ அங்கே இல்லை. சாலையிலோ லாரி. ஆனால் திருவொற்றியூர் மண்டபத்துக்கு, பட்டும் நகையுமாக, விடியற்காலை இருட்டில், ஸ்டேஷனில் இறங்கி மண்டபம் வரை இன்னொரு ஆட்டோ தேடுவதென்றால் என் மனசு ஒப்பவில்லை. வண்டிகளும் மெட்ரோ மாதிரி அடுத்தடுத்து வராது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நிறைய நேரம் நிற்க வேண்டும்.

பெரம்பூர் மண்டபங்களுக்குக் கணக்கே மாறும். அங்கே மெட்ரோ இன்னும் ஓடவில்லை. மாதவரத்திலிருந்து வரும் இரண்டாம் கட்டப் பாதைக்கு வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதனால் சாலைகளில் தடுப்பும் மாற்றுப் பாதையும்தான் இப்போதைக்கு மிச்சம். சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, அடுத்தது பெரம்பூர். மூன்றே ஸ்டேஷன். வரவேற்புக்கும் அதுதான், காலை முகூர்த்தத்துக்கும் அதுதான். பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் திருமணம் என்றாலும் இதே வழிதான்.

ஆட்டோ நாலு பேர் வரைக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் விடியற்காலை நாலு மணிக்குச் செயலியில் புக் செய்துவிட்டு நம்பி நிற்காதீர்கள். வண்டி கிடைக்கும்; இரண்டு நிமிஷத்தில் ரத்தாகும்; மறுபடி தேடும். அந்த நேரத்தில் அந்த விளையாட்டெல்லாம் தாங்காது. முந்தின நாள் ராத்திரியே லாட்ஜ் வாசல் ஸ்டாண்டில் ஒருவரிடம் பேசி, நம்பர் வாங்கி, தொகையும் முடித்துவிடுங்கள். ஸ்டாண்டு ஆட்டோக்காரர் வாக்குக் கொடுத்தால் வந்து ஹாரன் அடிப்பார். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. அவருக்கு வழியும் தெரியும், எந்தக் கேட் எப்போது போடுவார்கள் என்றும் தெரியும்.

மண்ணடி, சௌகார்பேட்டை மண்டபமா? வேனே வேண்டாம். அந்தத் தெருக்களில் வேன் நுழைவதே கஷ்டம், நுழைந்துவிட்டால் வெளியே வருவது அதைவிடக் கஷ்டம். உயர்நீதிமன்றம் அல்லது மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடங்கள். பெரியவர்களை மட்டும் ஆட்டோவில் ஏற்றுங்கள்.

வேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

2018-ல் நான் ஏமாந்தது வேனால்தான். ஆனாலும் இந்தத் தடவையும் வேன் எடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர், அதில் பாதி பெரியவர்கள், கையில் சீர்த்தட்டு, நகைப்பெட்டி என்று இருக்கும்போது வேனுக்கு மாற்று இல்லை. குழப்பம் வேனில் இல்லை. நான் அதை ஏற்பாடு செய்த விதத்தில்தான் இருந்தது.

டிரைவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். ராயபுரமோ தண்டையார்பேட்டையோ, இந்தப் பக்கத்து வண்டியாக எடுங்கள். வாடகை கொஞ்சம் கூடக் கேட்டாலும் பரவாயில்லை. அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எந்த வழியா போவீங்க?" என்பதுதான். எண்ணூர் விரைவுச் சாலை, அதாவது 2018-ல் எங்கள் வேன் மாட்டிய அந்தக் கடற்கரைச் சாலை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் ட்ரெய்லர்கள் அந்தச் சாலையில்தான் வரிசை கட்டும். சில நாள் ஒன்றும் இருக்காது, சில நாள் மணிக்கணக்கில் நிற்கும். எந்த நாள் எப்படி என்று முந்தின ராத்திரி சொல்ல முடியாது. தாலி கட்டுகிற நேரத்தை அந்த அதிர்ஷ்டத்தில் வைக்கக்கூடாது. டி.எச். ரோடு விடியற்காலையில் சும்மாதான் இருக்கும். சிக்னல் உண்டு, குறுகலும் உண்டு, ஆனால் நின்றுபோகாது.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் இன்னொன்று சேர்ந்துகொள்ளும். காசிமேட்டில் ஞாயிறு விடியற்காலை மீன் வாங்க ஊரே திரளும். ராயபுரம், காசிமேடு பக்கம் இருட்டோடு இருட்டாக வண்டிகள் அடைந்துவிடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கொஞ்சம் தளரும். மற்ற ஞாயிறுகளில் வேனை அந்தப் பக்கம் விடவே கூடாது.

பேட்டா, கிலோமீட்டர் கணக்கு, எத்தனை மணிக்கு வண்டியை விட வேண்டும் என்பதையெல்லாம் முதலிலேயே பேசிவிடுங்கள். டிரைவருக்கும் காலை டிபன் பந்தியில் இலை போடச் சொல்லுங்கள். அவரும் நாலு மணிக்கு எழுந்து வந்தவர்தான். அப்புறம், எல்லோரையும் ஒரே ட்ரிப்பில் ஏற்றாதீர்கள். நான் செய்த பெரிய தப்பு அதுதான். பதினாலு பேரில் இரண்டு பேர் தலைவாரி முடிக்கவில்லை என்று பன்னிரண்டு பேர் வண்டியில் காத்திருந்தார்கள். அத்தை நாலரைக்கே குளித்துத் தயாராகி முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தாராம். பெரியவர்களும் சீர்த்தட்டும் முதல் ட்ரிப். மற்றவர்கள் பின்னால் ஆட்டோவிலோ மெட்ரோவிலோ வரட்டும்.

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடிப் பக்கம் தண்டவாளத்துக்குக் கீழே போகும் சுரங்கப்பாதைகளில் பலத்த மழைக்குத் தண்ணீர் நிற்பது புதிதில்லை. மேற்கிலிருந்து கிழக்கே வர வேண்டிய வேன் அன்றைக்குச் சுற்றித்தான் வர வேண்டும். மழை நாளில் உயரத்தில் ஓடும் மெட்ரோ பெரிய ஆறுதல்.

எங்கே தங்குவது?

எழும்பூர் கென்னட் லேன், பெரியமேடு: லாட்ஜுக்குக் குறைவே இல்லை. எந்த வசதிக்கும் எந்த விலைக்கும் அறை கிடைக்கும். ரயில் இறங்கி நடந்தே போய்விடலாம். ராத்திரி ஊருக்குத் திரும்பும் ரயிலுக்கும் அதுவே வசதி. மண்டபத்தை ஒட்டித் திருவொற்றியூர், தண்டையார்பேட்டையில் தேடினால் அவ்வளவு கிடைக்காது. மூன்றாவது, மண்டபத்து அறைகள். பெரும்பாலும் பெண் வீட்டுக்குக் கொஞ்சம், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுப்பார்கள். மிச்சப் பேருக்கு ஹாலில் ஜமக்காளம்.

மண்டபத்தில் தங்குவதில் ஒரு சிரமம் உண்டு. விடியற்காலை மூன்றரையிலிருந்து பாத்ரூம் வாசலில் துண்டும் சோப்பு டப்பாவுமாக வரிசை நிற்கும். கீசரில் மூன்றாவது ஆளுக்கு மேல் வெந்நீர் வராது. சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் ராத்திரி பூரா கேட்கும். ஆனால் முகூர்த்தத்துக்கு மாடியிலிருந்து படி இறங்கினால் போதும். இந்த ஒரு லாபத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் எனக்குச் சின்னதாகத்தான் தெரிகிறது.

ஆகவே நாங்கள் பிரித்துவிட்டோம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், சடங்கில் நிற்க வேண்டிய அத்தை, மாமா முறைக்காரர்கள் எல்லோருக்கும் மண்டபத்து அறை. அவர்கள் பயன்படுத்த பக்கத்து இரண்டு வீட்டு பாத்ரூம்களையும் கேட்டு வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மற்ற நாற்பது பேருக்கு எழும்பூர் லாட்ஜ். வரவேற்புக்கு அவர்கள் மெட்ரோவில் வந்து போகிறார்கள். எங்கள் முகூர்த்தம் ஏழரை முதல் ஒன்பது, அதற்கும் மெட்ரோவே போதும். சீர்த்தட்டுக்காரர்களுக்கு மட்டும் உள்ளூர் வேன் ஒன்று, ஐந்தரைக்கு.

ஏழரை முகூர்த்தத்தைக் கேட்டு வாங்கியதும் இதற்காகத்தான். ஜோசியர் இரண்டு நேரம் குறித்துக் கொடுத்தார், இரண்டுமே நல்ல நேரம்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டும், அதனால் பிந்தினது வேண்டும் என்றேன். சம்பந்தி வீட்டிலும் உடனே சரி என்றுவிட்டார்கள். நாள் குறிக்கும்போதே வண்டியையும் மனசில் வைத்துக் குறிக்கலாம் என்பது எனக்கே இந்தத் தடவைதான் தோன்றியது. கோயிலில் தாலி கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வடிவுடையம்மன் சன்னதியில் ஒரே முகூர்த்தத்தில் எத்தனையோ ஜோடிகள் காத்திருப்பார்கள். உங்கள் முறை வரும்போது உங்கள் ஆட்கள் அங்கே நிற்க வேண்டும். தேரடி மெட்ரோவிலிருந்து கோயில் நடக்கிற தூரம் என்பது அங்கே பெரிய பலம்.

இடையில் அரை நாள் கிடைத்தால் போக வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரிலேயே தியாகராஜர், வடிவுடையம்மன் கோயில். கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி. அதற்கு விரைவுச் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும், பிள்ளைகள் கையை விடாதீர்கள். தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாளுக்கு உயர்நீதிமன்றம் மெட்ரோ. துணி எடுக்க எம்.சி. ரோடு, ஆனால் சாயங்காலம் வேண்டாம், காலையில் கடை திறந்ததும் போய் வந்துவிடுங்கள். பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மாக்காரர்களின் அத்தோ நூடுல்ஸ் சாப்பிடாமல் ஊருக்குப் போகாதீர்கள். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. முன்னால் பிங்க் வண்ணம் பூசியிருக்கும், பார்த்து ஏறலாம். அவசரமில்லாத மத்தியானத்துக்கு அது நல்ல பயணம்.

அத்தைக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. போன வாரம் போனில் கேட்டார், "ரயிலை விட்டு இறங்குனதும் நேரா மண்டபந்தானே?" ஆமாம் அத்தை, எழும்பூருக்கு நானே வருகிறேன் என்றேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை எங்கள் வீட்டில். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து மண்டபத்தில். மேடைக்கு இடது பக்கம், படியே ஏற வேண்டாத கீழ்த்தள அறை. அட்வான்ஸ் கொடுத்த அன்றே அந்த அறைக்கு எதிரே அவர் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன். வெற்றிலைக் கொடி இந்த வருஷம் நன்றாகத் தழைத்திருக்கிறதாம்.